கிளட்ச் கால்

வலது காலுக்கு ஒன்றுமில்லை.
பிரேக்கையும் எண்ணெயையும் பார்த்துக்கொள்ள
அது எப்போதும்போலத் தயார்.
இடதுதான்.
செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியாமல்
மூன்று வீடு தாண்டிப் போயிருக்கிறேன்.
செட்டியம்மா வீட்டு நாய் கவ்விக்கொண்டு வந்து
முன்னால் போட்டபோதுதான்
குனிந்து பார்த்தேன்.

முதுகில் பதினேழு தையல்.
பினாங்கில் திறந்தார்கள், மூடினார்கள்.
பிதுங்கிக் கிடந்ததை எடுத்துவிட்டோம் என்றார்கள்.
வலி அன்றைக்கே போயிற்று.
போகும்போது
பாதத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.
யாரிடம் சொன்னாலும்
"அதான் வலி இல்லையே" என்கிறார்கள்.
மாரியம்மன் கோயிலில் ஒருத்தி,
"அடுத்த வருசம் நீயே தீ மிதிப்ப பாரு."
சூடு தெரியாத காலுக்கு
அது என்ன வேண்டுதல்?

நரம்பு வளரும் என்றார் டாக்டர்,
ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்.
வேன் காசு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
கணக்குப் போட்டேன்.
இடுப்பிலிருந்து பெருவிரல் வரை
தையல் டேப்பில் தொண்ணூற்றாறு சென்டிமீட்டர்.
தொள்ளாயிரத்து அறுபது நாள்.
மூடிவிட்டேன்.
முதல் பக்கத்தில் இன்னும் இருக்கிறது:
யஸ்வின், மார்ச் பாக்கி, ஐம்பது வெள்ளி.

என் வேனின் மீட்டர்
இரண்டு லட்சத்து எண்பத்து நாலாயிரத்தில் நிற்கிறது.
பாடாங் செராயைத் தாண்டி அது அதிகம் போனதில்லை.
செம்பனைக்குள் நுழையும் மண் சடக்கு,
லயத்து முனை, தமிழ்ப்பள்ளி வாசல்,
மறுபடி லயத்து முனை.
பழக்குலை ஏற்றிய லோரி எதிரே வந்தால்
ஓரம் கட்ட ஒரு மிதி,
மேடேற இரண்டு.
இப்போது என் பயணம்
ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்,
அதுவும் டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

காலை ஆறேகாலுக்குச் சந்திரகாசனின் வேன்
வாசலைத் தாண்டுகிறது.
உள்ளே இருப்பது என் பிள்ளைகள்.
கை காட்டுகிறார்கள்.
அவனுடையது ஆட்டோ கியர்.
இதை விற்றுவிட்டு ஆட்டோ வாங்கலாம் என்கிறார் பரஞ்சோதி,
தேத்தண்ணியை ஊதிக்கொண்டே.
கடனை யார் கட்டுவது என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கூலிமில் பயிற்சி.
ரொஹானா, என் மகள் வயசு,
தரையில் ஒரு துண்டை விரித்து
விரலால் சுருட்டி இழுக்கச் சொல்கிறாள்.
இழுக்கிறேன்.
துண்டு அப்படியே கிடக்க
என் முகம்தான் சுருங்குகிறது.
"பாகுஸ், ஆண்ட்டி."
எது பாகுஸ்?
தசை துடித்தது, நான் பார்த்தேன் என்றாள்.
நான் பார்க்கவில்லை.
பஸ்ஸில் வீடு வரும்வரை
அவள் பொய் சொல்கிறவள் மாதிரி இருந்தாளா
என்பதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

நேற்று இரவு
பரஞ்சோதி தூங்கிய பிறகு
வேன் கதவைத் திறந்து ஏறினேன்.
ஏற எவ்வளவு நேரமானது என்று சொல்ல மாட்டேன்.
உள்ளே பழைய பிஸ்கட் வாசம்,
பின்சீட்டில் யாரோ மறந்த தண்ணீர்ப் போத்தல்.
இரண்டு கையாலும் இடது தொடையைத் தூக்கி,
தூங்கிவிட்ட பிள்ளையைக்
கடைசி லயத்தில் இறக்குகிற மாதிரி,
கிளட்ச் மேல் வைத்தேன்.

மிதி என்றேன்.
வாய்விட்டுத்தான் சொன்னேன்.

இரண்டு விரற்கடை இறங்கியது.
பிறகு கால் நடுங்கியது.
கிளட்ச் என்னைத் திருப்பித் தள்ளியது.
செருப்பு கழன்றது.

தெரிந்தது.
கழன்றது எனக்குத் தெரிந்தது.

கீழே இருட்டில் எங்கோ கிடந்தது அது.
மூன்று மாதத்துக்குக் குனியக் கூடாது.
விட்டுவிட்டு
ஒற்றைச் செருப்போடு
சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன்.